என் மகளுக்குக் காப்புக் கட்டிய ஆடி

எங்கள் வட்டத்துக் கவுன்சிலர் ஒரு பெண். பெண்களுக்கென்று ஒதுக்கிய வட்டம் இது. ஆனால் அந்த அம்மாவை இங்கே யாரும் கவுன்சிலர் என்று கூப்பிட்டதில்லை. 'கவுன்சிலர் வீட்டம்மா' என்போம். கவுன்சிலர் என்று சொல்லிக் கும்பிடுவது அவருடைய வீட்டுக்காரரை. தேர்தல் அன்று அந்த அம்மா பேருக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். வாசலில் அவர் வீட்டுக்காரர் நின்றிருந்தார். "உங்களுக்குத்தாண்ணே போட்டேன்" என்றேன். அவரும், "தெரியும்மா" என்றார். பக்கத்தில் அந்த அம்மா நின்றுகொண்டு சிரித்தார். யாருக்கும் இது வேடிக்கையாகப் படவில்லை. என் மகளுக்கு மட்டும் பட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "அப்ப நீ யாருக்கும்மா போட்ட?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

நாங்கள் இருப்பது அடையாற்றின் கரையில். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் பஸ் போகிற பெரிய ரோடு, நடுவில் எங்கள் தெருக்கள். என் வீட்டுக்காரர் கிண்டி எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறார். நான் தி. நகரில் ஒரு கடையிலிருந்து புடவைகள் எடுத்து வந்து ஃபால்ஸ் தைத்து, முந்தானைக்குக் குஞ்சம் கட்டிக் கொடுக்கிறேன். எட்டாவது வரை படித்தேன். செவ்வாய், வெள்ளி எங்கள் தெருமுனை அம்மன் கோயிலில் விளக்குப் போடாமல் இருந்ததில்லை. பிரதோஷம் வந்தால் பஸ் பிடித்து மயிலாப்பூர் போய்விடுவேன். சாமி இல்லை என்று சொல்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு, பார்த்தாயா என்று என்னிடம் வர வேண்டாம். அம்மன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவளை நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டு என் மகளுக்குச் செய்ததைத்தான் சொல்ல வந்தேன்.

என் மகள் பி.ஏ. முடித்துவிட்டு, தெருவிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். அவளோடு இன்னும் சில பெண்கள். ஒருத்தி தி. நகரில் பாத்திரக் கடையில் நிற்கிறாள். ஒருத்தி நர்சிங் படிக்கிறாள். ஆற்றோர வீடுகளை இடித்தபோது இன்னொருத்தியின் குடும்பத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அவள் ஞாயிறானால் பஸ் மாறி மாறி இங்கே வந்துவிடுவாள். இவர்கள் கூடுகிற இடம் என் வீட்டு முன்னறை. புடவைகளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்காருவார்கள். தையல் மிஷின்தான் அவர்களுக்கு மேடை. ஒருத்தி அதன் பக்கத்தில் நின்று பேச வேண்டும். மற்றவர்கள் குறுக்கே பேசிக் கலைக்க வேண்டும். கலையாமல் பேசி முடிக்கப் பழகினார்கள்.

பாத்திரக் கடைப் பெண்தான் எப்போதும் கவுன்சிலர் வீட்டுக்காரர் வேஷம். தோளில் துண்டைப் போட்டுக்கொள்வாள்.

"இன்னாம்மா, சொல்லு, சீக்கிரம் சொல்லு. எனக்குக் கல்யாணத்துக்குப் போணும்."

"சார், நாங்க கவுன்சிலரப் பாக்கணும்."

"நான்தான் கீறேனே."

"நீங்க கவுன்சிலர் இல்லயே சார்."

"யார்ரா இந்தப் பொண்ணு? இவங்க அப்பன் யாரு?"

என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அப்பன் நான்தாம்பா, ஏதாவது தெரியாம பேசிட்டா மன்னிச்சுக்கோ" என்பார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என் மகள் மட்டும், "நைனா, நீ இப்பவே மன்னிப்புக் கேட்டா நாங்க எப்படிப் பேசிப் பழகுறது?" என்று கோபித்துக்கொள்வாள்.

இவர்கள் வேலையில் இறங்கியது ஒரு லைட்டுக்காக. எங்கள் தெருக் கழிப்பிடம் ஆற்றோரம் இருக்கிறது. போகிற பாதை இருட்டு. பொழுது சாய்ந்தால் பெண்கள் தனியாகப் போக மாட்டோம். அடக்கிக்கொண்டு படுத்து, வயிற்று வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. இந்தப் பெண்கள் மாநகராட்சி ஆபீசுக்கு அலைந்தார்கள். ஒரு தடவை போனால் ஆள் இல்லை என்பார்கள், இன்னொரு தடவை போனால் இந்த ஆள் இல்லை என்பார்கள். விடாமல் போனார்கள். லைட் வந்தது. அதைப் போட்டு வைக்கிற அன்று கவுன்சிலர் வீட்டுக்காரர் வந்து சுவிட்சைத் தட்டினார். எங்கள் கோயில் கமிட்டித் தலைவர் அவருக்கு மாலை போட்டார். பெண்கள் பின்னால் நின்று கை தட்டினார்கள்.

எல்லோரும் கலைந்த பிறகு பார்த்தால், கம்பத்தைத் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே நட்டிருக்கிறார்கள். மாலை போட்டு போட்டோ எடுக்க அங்கேதான் இடம் விசாலம். கழிப்பிடத்து வாசல் பழையபடியே இருட்டு.

"எங்க பேரச் சொல்ல வேணாம்மா" என்றாள் என் மகள். "எங்க நடணும்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த இடத்துல ஒக்காந்து பாத்தவங்களத் தானே கேக்கணும்."

அன்றைக்குத்தான் அவளுக்கு அந்த எண்ணம் விழுந்தது என்று நினைக்கிறேன். வட்டக் கமிட்டி என்று ஒன்று வரப்போகிறது, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஆள் அதில் உட்காருவார், ரோடு, லைட், குப்பை எதுவானாலும் அந்த ஆளைக் கேட்டுத்தான் செய்வார்கள் என்று பேச்சு வந்திருந்தது. எங்கள் பகுதிக்கு ஒரு பெண் உட்கார வேண்டும், அதுவும் வயசுப் பெண்ணாக இருக்க வேண்டும் என்று இவர்கள் முடிவு செய்தார்கள். வெளியே கொண்டுபோய் விட்டவளுக்கு இங்கே ஓட்டு இல்லை. நர்சிங் பெண்ணுக்கு ஓட்டு வயசு வரவில்லை. பாத்திரக் கடைப் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது. மிச்சம் என் மகள்தான். வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். பெண்கள் நிறையப் பேர் சரியென்றார்கள். சில வீடுகளில், "எங்க வூட்டுக்காரரக் கேட்டுச் சொல்றேன்" என்றார்கள். கேட்டுச் சொன்னவர்களும் உண்டு, கதவைச் சாத்திக்கொண்டவர்களும் உண்டு.

ஆடி பிறக்கும் முன்னால் ஒரு நாள் கோயில் கமிட்டித் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே கமிட்டியில் இன்னும் இரண்டு பேர். தலைவர் எனக்கு அண்ணன் முறை. ரத்த சொந்தம் இல்லை, தெருச் சொந்தம். கவுன்சிலர் வீட்டுக்காரருக்கு எங்கள் பக்கத்தில் எல்லாமே அவர்தான்.

"தங்கச்சி, ஒரு நல்ல சேதி. இந்த வருசம் உம் பொண்ணுக்குக் காப்புக் கட்டலாம்னு கமிட்டில முடிவு பண்ணிக்கிறோம்."

எனக்குக் கை கால் ஓடவில்லை. எங்கள் அம்மனுக்கு ஆடியில் கூழ் ஊற்றுவதற்கு முன்னால், பூசாரியும் தலைவரும் கமிட்டி ஆட்களும் மஞ்சள் கயிறு காப்புக் கட்டிக்கொள்வார்கள். அன்று பூசாரி நம் பகுதியைச் சுற்றி வந்து எல்லை கட்டுவார். காப்புக் கட்டினவர்கள் கூழ் ஊற்றி முடித்துக் காப்பு அவிழ்க்கும் வரை எல்லையைத் தாண்டக் கூடாது. கறி மீன் கூடாது, பாயில்தான் படுக்க வேண்டும், சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. அந்தக் காப்பு ஆண்களுக்குத்தான். பெண்கள் நாங்கள் கேழ்வரகு அரைப்போம், கூழ் காய்ச்சுவோம், பானை தேய்ப்போம். மூன்று ஆடிக்கு முன்பு இதே பெண்கள் போய், எங்களில் ஒருத்திக்குக் காப்புக் கட்டினால் என்ன என்று கேட்டபோது, தீட்டு என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார்கள்.

என் மகள் அதை மறக்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டாள்:

"மாமா, நடுவுல எனக்குப் பீரியட்ஸ் வந்துச்சுன்னா?"

மூன்று ஆண்களும் தரையைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் சட்டென்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

"அதெல்லாம் ஆத்தாளே பாத்துப்பா" என்றார் தலைவர். "காலம் மாறிக்கிது பாப்பா. நீங்க சின்னப் பொண்ணுங்க கேட்டுக்கினே இருக்கீங்க. நாங்க மாறலன்னு நீங்க சொல்லக் கூடாது இல்ல?"

அவர்கள் போன பிறகு அவள் என்னிடம், "ஏம்மா திடீர்னு?" என்று கேட்டாள்.

"ஆத்தா மனசு வச்சிருக்கா. ஏன் எதுக்குன்னு அவளையே கேப்பியா?" என்றேன்.

சொல்லிவிட்டு சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். அக்கம் பக்கம் எல்லாருக்கும் கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஃப்ளெக்ஸ் அடித்துப் பெரிய ரோட்டுப் பக்கம் கட்டினார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஆண்கள் வரிசையில், கடைசியில், என் மகள் போட்டோவும் இருந்தது. பஸ் ஏறப் போகும்போதெல்லாம் அங்கே ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன். தி. நகர் கடையில் புடவை எடுக்கப் போனபோது அங்கே இருந்த சூப்பர்வைசரிடமும் சொன்னேன். "அம்மன் கோயில்ல பொண்ணுக்குக் காப்பா? அதிசயமா இருக்கே" என்றார் அவர். அதிசயம்தான் என்று நானும் நினைத்தேன்.

வழக்கமாக ஆடி மூன்றாம் வாரத்தில்தான் எங்களுக்குக் காப்பு. இந்த முறை ஒரு வாரம் முன்னதாகவே கட்டினார்கள். மழை வந்துவிடும் என்று சொன்னார் தலைவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உடுக்கைச் சத்தத்துக்கு நடுவில் பூசாரி என் மகளின் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைச் சுற்றி முடி போட்டார். நான் அழுதேன். அது நிஜமான அழுகை. இப்போதும் அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

திங்கள்கிழமை காலையில் பாத்திரக் கடைப் பெண் வேலைக்குப் போகும் வழியில் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"ஏய், வட்டக் கமிட்டிக்கு ஆள் எடுக்குற கூட்டம் புதன்கிழமையாம். ரோட்டுக்கு அந்தாண்ட ஸ்கூல்ல. பேர் குடுக்குறவங்க நேர்ல வந்து நிக்கணுமாம்."

என் மகள் அடுப்பங்கரையில் நின்றபடியே கையைத் திருப்பி மணிக்கட்டைப் பார்த்தாள். பாத்திரக் கடைப் பெண்ணும் அதைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் நான் பார்த்தேன்.

பெரிய ரோடுதான் எங்கள் எல்லை. அந்தப் பள்ளிக்கூடத்துக் கேட் எங்கள் தெருவிலிருந்து பார்த்தாலே தெரியும்.

"நீ போயேன்" என்று என் மகள் அவளிடம் சொன்னாள்.

"ஆடித் தள்ளுபடி ஓடிக்கினு கீதே. நேத்து ஒருத்தி அம்மாவுக்கு ஜுரம்னு லீவு கேட்டா. இனிமே வர வேணாம்னுட்டாங்க." அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஆடி முடியட்டும்னு சொல்லி வேற நாள் வைக்கச் சொல்ல முடியாதா?"

நான் கோயிலுக்குப் போனேன். தலைவர் பந்தலுக்கு ஆட்களை ஏவிக்கொண்டிருந்தார். பூசாரி பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, புதன்கிழமை பாப்பா கூட்டத்துக்குப் போய்ட்டு வரணும். எதுனா வழி சொல்லுங்க."

"காப்புக் கட்டிக்கினு எப்படிம்மா போவும்? எல்லைய வுட்டு?"

"போன வருசம் நீங்க நங்கநல்லூர்ல கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்தீங்களே. எலுமிச்சம்பழம் மந்திரிச்சு சட்டைப் பைல வச்சுக்கினு."

அவர் சிரித்தார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அது ஆம்பளைக்குச் செல்லும், தங்கச்சி. பொம்பளை எல்லைய வுட்டா வுட்டதுதான். இன்னா பூசாரி?"

பூசாரி வேப்பிலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தலைவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அம்மனைக் கேட்டு ஒரு பூப் போட்டுப் பார்க்கலாமே என்று நான் சொன்னேன். அவர் அடுத்த வேப்பிலைக் கொத்தை எடுத்துக்கொண்டார்.

கோயில் பின்னால் பெண்கள் கேழ்வரகு கழுவிக்கொண்டிருந்தார்கள். தலைவரின் சம்சாரமும் இருந்தார். அவர் வெள்ளந்தி. சூது தெரியாதவர். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார். நானும் முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இந்த வாட்டி எல்லாம் அவசர அவசரமாப் போச்சுக்கா" என்றார் அவர். "கேவுரு கூட சரியாக் காய வைக்கல. கூட்டத்துக்கு முன்னாடியே காப்புக் கட்டியாவணும்னு இவரு ஒத்தக் கால்ல நின்னாரு."

"எந்தக் கூட்டம்?"

"அதான், கவுன்சிலரு ஆபீசு கூட்டம். இவருக்குப் போன மாசமே தெரியும் போல."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரியாது. என் கையில் முறம் அப்படியே நின்றது. எதிரே கர்ப்பகிருகத்தின் பின்சுவர். அதற்கு அந்தப் பக்கம்தான் அம்மன் இருக்கிறாள். அவளுக்கு வைத்த பொங்கல், நான் அழுத அழுகை, ஃப்ளெக்ஸில் என் மகளின் சிரித்த முகம், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. எங்கள் பக்தியை எங்களுக்கே கயிறாகத் திரித்துக் கட்டியிருக்கிறார்கள். அதற்கு நான் குலவை போட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை.

அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். என் தையல் கத்தரிக்கோல்.

"அறுத்துட்டுப் போறேன்மா. இது அம்மன் கட்டினது இல்ல. அந்த ஆளு கட்டினது."

எனக்கு அவள் சொல்வது சரி என்று ஒரு மனசு. அம்மன் சந்நிதியில் கட்டியது, யார் கட்டினாலும் காப்புக் காப்புதான் என்று ஒரு மனசு. என் வீட்டுக்காரர் வாசலில் பீடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பற்ற வைக்கவில்லை.

"நீ சொல்லுமே" என்றார் என்னிடம்.

"நீங்க சொல்லுங்களேன்" என்றேன்.

 நடுவில் அடுத்த வீட்டுப் பெண் வந்துவிட்டாள். அவளுடைய சின்னப் பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை செருகி, பிள்ளையை வாழையிலையில் படுக்க வைத்திருந்தாள். கூட்டத்தைப் பற்றித் தெருவெல்லாம் அதற்குள் பேச்சாகிவிட்டது. அவள் உள்ளே வராமல், நிலைப்படிக்கு வெளியே நின்று கையைக் கூப்பினாள்.

"பாப்பா, உன்னக் கும்புட்டுக் கேக்குறேன். கயித்த அறுத்துறாத. எல்லையத் தாண்டிறாத. எம் புள்ள மேல ஆத்தா நிக்கிறா. எறங்கட்டும். அப்புறம் நீ எங்க வேணா போ."

"அக்கா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லக்கா. டாக்டரக் காட்டினீங்களா?"

"காட்டிட்டேன். மருந்தும் குடுக்குறேன். ஆனா நீ போயி, அதுக்கப்புறம் புள்ளைக்கு எதுனா ஆச்சுன்னா, நான் யாரக் கேப்பேன்? உன்னயத்தானே சொல்லுவேன். உன்னச் சொல்ல எனக்கு வாய் வருமா?"

இவளை யாரும் அனுப்பவில்லை. அவள் பயம் அவளுடையது. என் மகளுக்காக வீடு வீடாகக் கேட்டு வந்தபோது முதல் ஆளாகச் சரி என்று சொன்னவளும் இவள்தான். என் மகள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கத்தரிக்கோலை மிஷின் மேல் வைத்தாள்.

"சரிக்கா. போகல. நீங்க போய்ப் புள்ளயப் பாருங்க."

அவள் போன பிறகு என் மகள் சொன்னது எனக்கு இன்றும் காதில் நிற்கிறது. "நான் தாண்டினா சாமிக்கு ஆகாதவன்னு சொல்லுவாங்க. தாண்டலன்னா ஆள் வரலன்னு சொல்லுவாங்க. நல்லா யோசிச்சிருக்காரும்மா அந்த மாமா. நாங்க பேசப் பழகினோம். அவரு பேசவே வேண்டியதில்லாமப் பண்ணிட்டாரு."

புதன்கிழமை நான் போனேன். நர்சிங் பெண் காலேஜுக்குப் போகாமல் என்னோடு வந்தாள். என் மகள் எல்லை வரைக்கும், பெரிய ரோட்டு ஓரம் வரைக்கும், கூடவே வந்து ஃப்ளெக்ஸுக்குக் கீழே நின்றுகொண்டாள். நாங்கள் ரோட்டைத் தாண்டி, பள்ளிக்கூடத்துக் கேட்டில் நுழைந்து திரும்பிப் பார்த்தபோதும் அங்கேயே நின்றிருந்தாள். நடுவில் பஸ்ஸும் ஆட்டோவும் போய்க்கொண்டே இருந்தன. அவள் தெரிந்தாள், மறைந்தாள், தெரிந்தாள்.

உள்ளே கவுன்சிலர் வீட்டுக்காரர் நடு நாற்காலியில். பக்கத்தில் அந்த அம்மா, பட்டுப் புடவையில், தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகுவதும் திறப்பதுமாக இருந்தார். ஒரு மாநகராட்சி ஆள் ஓரமாக உட்கார்ந்திருந்தார். எங்கள் தலைவரும் இருந்தார். காப்புக் கையோடுதான். அவர் சட்டைப் பை முண்டிக்கொண்டு இருந்தது. உள்ளே என்ன என்று எனக்குத் தெரியாதா?

எங்கள் பகுதிப் பேரைச் சொன்னதும் நான் எழுந்தேன்.  நான் இதுவரை எந்தக் கூட்டத்திலும் எழுந்து நின்றதில்லை.

"எங்க பகுதிக்கு எம் பொண்ண வைக்கணும்னு பொம்பளைங்க எல்லாம் சொல்லிக்கிறாங்க. அவ காப்புக் கட்டியிருக்கா. எல்லைய வுட்டு வரக் கூடாதுன்னு எங்க கமிட்டில சொல்லிட்டாங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நின்னுக்கினு இருக்கா. நீங்க எல்லாரும் கொஞ்சம் எழுந்து வந்தீங்கன்னா, அங்கயே அவ பேசுவா. அஞ்சு நிமிசம்."

சிலர் சிரித்தார்கள். கவுன்சிலர் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"அம்மா, சாமி விசயத்துல நாங்க தலையிட மாட்டோம். நேர்ல வந்தாத்தான் பேரு."

"தலைவரும்தான் காப்புக் கட்டிக்கினு வந்துக்கிறாரு."

"அது அவருக்கும் அம்மனுக்கும். அதுல நான் யாரும்மா?"

அதற்குள் எங்கள் தலைவர் எழுந்தார். குரலில் தேன் ஒழுகியது. "அந்தப் பொண்ணு எங்க ஏரியாவுக்கே பெருமை. அதனாலதான் எந்தப் பொண்ணுக்கும் பண்ணாத மரியாதைய நாங்க பண்ணிக்கிறோம். அது ஆத்தா வேலையில கீது. அதத் தொந்தரவு பண்ண வேணாம். ஆனா இவங்க கேக்குறதும் நியாயம்தான். சின்ன வயசுப் பொண்ணுதான் வரணும். அதுக்கு ஏத்த மாதிரி ஒருத்தரக் கூட்டிக்கினு வந்துக்கிறேன்."

பின் வரிசையிலிருந்து அவருடைய மருமகள் எழுந்து நின்றாள். என் மகளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவள். கல்யாணமாகி இன்னும் வருஷம் ஆகவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். மாநகராட்சி ஆள்கூடத் தட்டினார். கேட்டது கிடைத்துவிட்டது இல்லையா? பெண், வயசுப் பெண், எங்கள் பகுதிப் பெண். நாங்கள் வீடு வீடாகப் போய்ச் சொன்ன வார்த்தைகளையே ரவிக்கை மாதிரி எடுத்து அவர் மருமகளுக்குப் போட்டுவிட்டார், அளவு சரியாக இருந்தது.

போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். என்னைத் தாண்டிப் போகும்போது அந்தப் பெண் குனிந்து மெல்லக் கேட்டாள்: "அத்தே, என்ன எதுக்குக் கூட்டியாந்தாங்கன்னே தெரியல. நான் இன்னா பண்ணணும்?"

"சிரி" என்றேன். வேறு என்ன சொல்ல?

அப்போது கவுன்சிலர் வீட்டம்மா என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. வீட்டுக்காரர், "வாம்மா, போட்டோவுக்கு" என்றதும் முந்தானையைச் சரி செய்துகொண்டு போய் நின்றார். நிற்கிற இடம் அவருக்குப் பழகியிருந்தது.

ரோட்டைத் தாண்டி வந்தோம். என் மகள் எங்கள் முகத்தைப் பார்த்தாள்.  நர்சிங் பெண்தான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடித்துவிட்டு, "டியூஷன் புள்ளைங்க வந்திருப்பாங்க" என்று என் மகள் நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றினோம். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். அவன் அம்மா வந்து என் மகளின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உன்னாலதான்" என்றாள். டாக்டர் மருந்துதான் என்று என் மகள் சொல்லவில்லை. சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிட்டாளோ, அலுத்துப்போய் விட்டாளோ.

காப்பு அவிழ்த்த பிறகு தலைவர் மைக்கில் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு சால்வை போர்த்தினார். "அடுத்த வருசமும் பாப்பாதான் கட்டிக்கும்" என்றார்.

மைக் பக்கத்திலேயே இருந்தது. அவள் குனிந்து அதில் பேசினாள். நடுக்கமே இல்லை.

"கட்டிக்கிறேன் மாமா. அடுத்த வருசம் கூட்டத்துத் தேதிய முதல்ல எங்களுக்குச் சொல்லிடுங்க."

பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. யாரோ சிரித்தார்கள். உடனே பாட்டை உச்சத்தில் வைத்தார்கள். எல்லாம் அதில் அமுங்கிப் போயிற்று. தலைவரின் சம்சாரம் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்று கேழ்வரகு கழுவும்போது சொன்னது இப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. அம்மனை எதற்கு நான் விட வேண்டும்? செவ்வாய், வெள்ளி விளக்குப் போடுகிறேன். தலைவர் தட்டோடு நின்றால் குங்குமத்தை அவர் கையால் வாங்குவதில்லை. சந்நிதிப் படியில் கொட்டிக் கிடப்பதைத் தொட்டு வைத்துக்கொள்கிறேன். "இந்த மாதிரி ஆளுங்க உன் பக்கத்துல நிக்கிறாங்களே, நீ பாத்துக்கினுதானே இருக்க?" என்று அவளிடமே கேட்கிறேன். பதில் வரவில்லை. வரும் என்றும் வராது என்றும் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வட்டக் கமிட்டி இரண்டு மூன்று முறை கூடிவிட்டது. எங்கள் பகுதிக்கு உட்காருவது மாமனார்தான். மருமகளுக்கு மாசம், அலையக் கூடாது என்று சொல்கிறார்கள். பெண்கள் முன்பு மாதிரி என் வீட்டில் கூடுவதில்லை. பாத்திரக் கடைப் பெண் எப்போதாவது வருவாள், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வாள். என் மகள் சிரிக்காததைப் பார்த்து எடுத்துவிடுவாள்.

போன வாரம் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தோம். அந்த மருமகள் குடத்தோடு வந்தாள். வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என் மகள் பக்கத்தில் வந்தாள்.

"ஏய், வூட்டுல எதெதுக்கோ என்னாண்ட கையெழுத்து வாங்குறாங்க. எதுக்குன்னு கேட்டா உனக்குப் புரியாதுன்றாங்க. மெம்பர்னா இன்னா பண்ணணும்னு எனக்குச் சொல்லிக் குடேன். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

என் மகளுக்கு எல்லாம் தெரியும்தான். எந்த ஆபீசில் எந்த மாடி, எதற்கு யாரைப் பார்க்க வேண்டும், எப்படிக் குறுக்கே பேசினாலும் கலையாமல் பேசுவது, எல்லாம். அதைத்தான் இந்தப் பெண் கேட்கிறாள். இதற்காகத்தானே அவர்கள் கூடினார்கள், வயசுப் பெண்கள் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று. சொல்லிக் கொடு என்று நான் மனசுக்குள் சொன்னேன்.

"உங்க மாமனாரக் கேளு" என்றாள் என் மகள். குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அந்தப் பெண் குழாய்க்குக் கீழே குடத்தை வைத்தாள். நிரம்பி வழிகிற வரைக்கும் அப்படியே நின்றாள். நான்தான் குழாயை மூடினேன். குடத்தைத் தூக்கி வைக்கவும் கை கொடுத்தேன், மாசமாக இருக்கிற பெண் அல்லவா?  வீட்டுக்குப் போய் மகளைக் கண்டிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனேன். அவள் மிஷினுக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருந்தாள். கண்டிக்க நினைத்ததை விட்டுவிட்டு, ஒரு புடவையை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.